பெட்டி உங்களுடையது... சாவி?

சிறுசேரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் சிப்காட். உள்ளே பட்டாம்பூச்சி சிறகை விரித்துப் படுத்திருப்பது போல ஒரு கட்டடம், டி.சி.எஸ். வளாகம். வரைந்தவர்கள் உருகுவே நாட்டுக்காரர்கள்: கார்லோஸ் ஓட், கார்லோஸ் பான்ஸ் டி லியோன். பாரீஸின் பாஸ்டில் ஓபரா அரங்கை வடிவமைத்தவரும் இந்த ஓட்தான்! அதே சிப்காட்டில் 2022-ல் அதானி கனெக்ஸ் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்றும் வந்தது. உலகத்தின் படங்களும் பாட்டுகளும் கணக்கு வழக்குகளும் குடியிருப்பது இம்மாதிரி ஜன்னல் இல்லாத கட்டடங்களில்தான்.

இந்த சிப்காட்டைச் சுற்றி இன்னொரு உலகம் இருக்கிறது. படூரிலும் தாழம்பூரிலும் வாடகைக்கு வீடு எடுத்து நான்கு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர்கள். கேன்டீனில் சமைப்பவர்கள். இதில் நாலு பேர் காசு போட்டு ஒரு டி.வி. வாங்கப் போகிறார்கள் என்று வையுங்கள். கையில் பதினைந்தாயிரம் ரூபாய். கடைக்காரர் வரிசையாக ஏழெட்டுப் பெட்டிகளைக் காட்டுகிறார். எல்லாமே 32 இஞ்ச். எல்லாவற்றிலும் ஒரே மயில் தோகை விரிக்கிறது.

“இது கூகுள் டி.வி. சார். அது டைசன். இது வெப் ஓ.எஸ். அந்தக் கடைசியில இருக்கறது ஃபயர் டி.வி.”

“இது ஏன் ரெண்டாயிரம் ரூபா கம்மி?”

“அதுவும் ஆண்ட்ராய்டுதான் சார்... ஆனா கூகுள் இல்ல.”

ஆண்ட்ராய்டு, ஆனால் கூகுள் இல்லை! ‘இட்லிதான் சார், ஆனா உளுந்து இல்ல’ என்கிற மாதிரி. பையன்கள் தலையைச் சொறிகிறார்கள்.

டி.வி. வாங்குவது எப்போதிலிருந்து இவ்வளவு குழப்பமாயிற்று? ஐம்பது வருஷக் கதை இது. கொஞ்சம் பின்னால் போய் வரலாம், வாருங்கள்.

சென்னையில் (அப்போது மெட்ராஸ்) தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு சேனல். வயலும் வாழ்வும், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், வாரக் கடைசியில் சினிமா. டி.வி. இருந்த வீட்டின் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். டயனோரா, சாலிடேர் என்று நம்ம ஊர்ப் பெட்டிகள், ஹைதராபாத்திலிருந்து ஈ.சி. டி.வி. மரச்சட்டம், இழுத்து மூடும் கதவு, சிலவற்றில் பூட்டு கூட உண்டு. ரேடியோவுக்கு வாங்கியது போல டி.வி.க்கும் தபாலாபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

விலை எக்கச்சக்கம். ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதில் வருவது ஒன்றுதான். மொட்டை மாடியில் ஆன்டெனா, அதிலிருந்து ஒரு ஒயர், பெட்டியின் முதுகில் ஒரு துளை. அந்தத் துளைக்கு டயனோரா, சாலிடேர் என்ற பேதமில்லை. தென்கோடிக் கடலோரத்தில் இருந்தவர்களுக்கு இன்னொரு வசதி. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமான பிறகு, ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் போதும்... வேறு நாடு! பாஸ்போர்ட் கூட வேண்டாம்.

பெட்டிக்குள் எந்தச் சாவியும் கிடையாது. அதை விற்ற கம்பெனிக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் இல்லை. கெட்டுப் போனால் தெருமுனை மெக்கானிக் வந்து முதுகைக் கழற்றி, சால்டரிங் அயர்னை வைத்து, ‘ஒண்ணும் இல்லைம்மா, ஒரு ட்ரான்சிஸ்டர்தான்’ என்று சொல்லிவிட்டுப் போவார். பதினைந்து வருஷம் ஓடும்.

அப்புறம் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. பிறந்தது. ஆன்டெனா இருந்த இடத்தில் தெருவுக்குத் தெரு கறுப்பு ஒயர். வெளியிலிருந்து வருவதை வாங்கி வீட்டுக்குக் கொடுப்பது கேபிள்காரர். முதன்முறையாக, பெட்டிக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து நின்றார். பெட்டி நம்முடையது. ஒயர் அவருடையது.

இங்கேதான் நம் கதையில் ஒரு முக்கியமான தேதி. 2003 செப்டம்பர் 1.

கட்டணச் சேனல்களைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செட்-டாப் பாக்ஸ் வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ‘கண்டிஷனல் ஆக்சஸ் சிஸ்டம்’, சுருக்கமாக காஸ். பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு, பார்க்காததற்கு ஏன் தண்டம் என்ற நல்ல எண்ணம்தான். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நாலு நகரங்களில் ஆரம்பிப்பதாகத் திட்டம். மற்ற மூன்றும் ஏதேதோ காரணம் சொல்லி நழுவிவிட்டன. கடைசியில் மாட்டியது சென்னை மட்டும்!

சென்னைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்குப் போட்டார்கள். பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய். அப்புறம் சேனலுக்குத் தனிக் காசு. நாளைக்குக் கேபிள்காரரை மாற்றினால் அவருடைய சிஸ்டத்துக்கு இந்தப் பாக்ஸ் உதவாது. இலவசச் சேனல்களுக்கு அரசு நிர்ணயித்ததோ மாதம் 72 ரூபாயும் வரியும்தான். ‘போதும்ப்பா’ என்று பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் வாங்கவே இல்லை. எந்தக் கூட்டமும் போடாமல், கோஷமும் இல்லாமல் ஒரு நகரமே ஒரு பெட்டியை நிராகரித்தது.

கஞ்சத்தனம் என்று எழுதினார்கள் சிலர். இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் அதில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. ‘நான் காசு கொடுத்து வாங்கும் பெட்டி, ஏன் உன் பூட்டுக்கு மட்டும் சாவியாக இருக்க வேண்டும்?’ என்ற கேள்வி அது.

மூன்று வருஷம் கழித்து, விஷயம் தலைகீழானது. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஜெயித்து, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 14 இஞ்ச். கொள்முதல் எல்காட். 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இது தேர்தல் முறைகேடா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2013 ஜூலையில் ‘சட்டப்படி இது ஊழல் நடவடிக்கை ஆகாது’ என்று தீர்ப்பு வந்தது. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்கும்படி தேர்தல் கமிஷனிடம் சொன்னது.

அரசியலை விடுங்கள். குடிசையில் இருந்தவருக்கும் கலர் டி.வி. கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால், பெட்டி இலவசமானதும் ஒரு உண்மை எல்லோருக்கும் புரிந்தது: செலவு பெட்டியில் இல்லை. மாதா மாதம் கேபிளுக்குத் தர வேண்டிய காசில் இருக்கிறது. அதனால்தான் அடுத்த சண்டை ஒயருக்காக நடந்தது. 2007-ல் அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன் பதிவானது. கொஞ்ச நாளில் படுத்தது. 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி அதை எழுப்பி மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்தது. ஒரு ஆட்சி பெட்டி கொடுத்தது, இன்னொரு ஆட்சி ஒயர் கொடுத்தது என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

இதற்கு நடுவில், சத்தமே இல்லாமல் ஒன்று வந்திருந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் ஆரம்பித்த டி.டி. டைரக்ட் பிளஸ். ஒரு முறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. இன்றைக்கு அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். பட்ஜெட் என்ற சொல்லுக்கு நிஜமான அர்த்தம் கொடுக்கிற பிளாட்பாரம் இதுதான். ஆனால், நம் படூர்ப் பையன்கள் இதைக் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு யூடியூப் வேண்டும், ஐ.பி.எல். வேண்டும், ராத்திரி ஒரு மலையாளப் படம் வேண்டும்.

அதற்கு வழிபோட்டது 2016 செப்டம்பர். ஜியோ வந்தது. அதுவரை சொட்டுச் சொட்டாக அளந்து செலவழித்த டேட்டா, குழாயைத் திறந்தாற்போல் கொட்டியது. ஒன்றரை வருஷத்தில், 2018 மார்ச்சில், சீனாவின் ஷாவ்மி ஒரு 32 இஞ்ச் ஸ்மார்ட் டி.வி.யை 13,999 ரூபாய்க்கு இறக்கியது. சந்தை அதிர்ந்தது.

அந்தப் பெட்டியில் ஒரு சமாசாரம். உள்ளே இருந்தது ஆண்ட்ராய்டுதான். ஆனால், விற்பனைக்கு வந்தபோது அதில் கூகுளின் பிளே ஸ்டோர் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் இல்லை. கடைக்காரர் சொன்ன ‘ஆண்ட்ராய்டு, ஆனா கூகுள் இல்ல’ இதுதான். ஆண்ட்ராய்டின் அடிப்படை எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாவு பிசையலாம். ஆனால் பிளே ஸ்டோர், யூடியூப் முதலான கூகுளின் சரக்குகள் வேண்டுமானால் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஷாவ்மி பெட்டிகளுக்குப் பின்னால் முழு ஆண்ட்ராய்டு டி.வி. வந்து சேர்ந்தது, அது வேறு விஷயம்.

மற்றப் பெயர்களுக்கும் கதை உண்டு. வெப் ஓ.எஸ். முதலில் பாம் என்ற கம்பெனியின் செல்போனுக்காகப் பிறந்தது. எச்.பி. அதை 2010-ல் 120 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த வருஷமே போன் வியாபாரத்தைக் கைவிட்டது. 2013-ல் எல்.ஜி. அந்த அநாதைக் குழந்தையை எடுத்து டி.வி.க்குள் உட்கார வைத்தது. சாம்சங்கின் டைசன் 2015 முதல் அதன் டி.வி.களில் ஓடுகிறது. அமேசானின் ஃபயர் டி.வி. குச்சி 2017 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தது, 3,999 ரூபாய்க்கு. ஆண்ட்ராய்டின் அடிப்படையை எடுத்து அமேசான் தன் இஷ்டத்துக்குப் பிசைந்தது அது. 2025 பிப்ரவரியில் ஜியோவும் ‘ஜியோ டெலி ஓ.எஸ்.’ என்று களத்தில் குதித்தது.

ஏன் இத்தனை பேர் குதிக்கிறார்கள்? டி.வி.யில் அப்படி என்ன லாபம்?

டி.வி.யில் லாபம் இல்லை. அதுதான் ரகசியம்! அமெரிக்காவில் ரோக்கு என்று ஒரு கம்பெனி. அதன் முதல் பெட்டி உருவானதே நெட்ஃப்ளிக்ஸுக்குள். 2008-ல் தனியாக விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் பெட்டி விற்றுச் சம்பாதித்த ரோக்கு, பத்து வருஷத்தில் ஆளே மாறியது. பெரிய வருமானம் விளம்பரத்திலும் சந்தா கமிஷனிலும். பெட்டி வெறும் தூண்டில்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனி விசியோ. மலிவு டி.வி.க்குப் பேர்போனது. 1 கோடியே 10 லட்சம் டி.வி.களில், வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பதை விநாடிக்கு விநாடி கவனித்து, சொல்லாமல் விற்றது என்று புகார். 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்தது. 2024-ல் விசியோவை 230 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? வால்மார்ட். ஒரு மளிகைக் கடைக்கு டி.வி. கம்பெனி எதற்கு? நீங்கள் எந்த விளம்பரத்தைப் பார்த்தீர்கள், அப்புறம் எந்தச் சோப்பை வாங்கினீர்கள் என்று முடிச்சுப் போடத்தான்!

ஆக, அந்த ரெண்டாயிரம் ரூபாய் தள்ளுபடியை யாரோ கட்டுகிறார்கள். வேறு யாரோ கட்டினால், அவருக்கும் உங்கள் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டாக வேண்டும்.

இரண்டாவது விஷயம், ஆயுசு. டயனோரா பதினைந்து வருஷம் ஓடியது என்றேனே... இன்றைய டி.வி.யில் கண்ணும் மூளையும் வேறு வேறு. கண் என்பது திரை. அது பத்து வருஷம் தாங்கலாம். மூளை என்பது உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர். அது நாலைந்து வருஷத்தில் தள்ளாட ஆரம்பிக்கிறது. 2015-ல் யூடியூப் தன் பழைய வழியை மூடியபோது, 2012-க்கு முந்தைய பல ஸ்மார்ட் டி.வி.களில் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பர் 1 முதல் 2010, 2011-ம் வருஷத்துச் சாம்சங் டி.வி.கள் சிலவற்றுக்கு நெட்ஃப்ளிக்ஸ் வரவில்லை. 2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் உலகம் முழுக்கச் செத்துப்போயின. காரணம்? உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் தேதி முடிந்துவிட்டது. புதுப்பிக்க மறந்துவிட்டார்கள்! சில நாளில் சரிசெய்தார்கள் என்பது உண்மை. ஆனால், உங்கள் வீட்டுப் பெட்டி எங்கோ ஒருவருடைய ஞாபகசக்தியை நம்பி ஓடுகிறது என்பதும் உண்மை.

பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் இன்னும் ஆபத்து. 2025 ஜூலையில் கூகுள் ஒரு வழக்குப் போட்டது. சான்று பெறாத டி.வி. பாக்ஸ் முதலான ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் திருட்டு சாஃப்ட்வேர் புகுந்து, அவற்றைக் கூலிப்படையாக மாற்றியிருக்கிறது என்பது புகார். படம் பார்ப்பது நீங்கள். பின்னால் உங்கள் இன்டர்நெட்டில் திருடுவது வேறொருவன்.

சரி, கூகுள் மட்டும் பசுமாடா? அதற்கும் ஒரு கதை. 2020-ல் இரண்டு வழக்கறிஞர்கள் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். பிளே ஸ்டோர் வேண்டும் என்று ஒப்பந்தம் போடும் டி.வி. கம்பெனி, அமேசான் பிசைந்தது போன்ற வேறு ஆண்ட்ராய்டில் ஒரு பெட்டிகூடச் செய்யக் கூடாது என்று கூகுள் கையைக் கட்டுகிறது என்பது அவர்கள் வாதம். 2021 ஜூனில் விசாரணைக்கு உத்தரவு. 2025 ஏப்ரலில் சமரசம். 20 கோடியே 24 லட்சம் ரூபாய் கட்டி, அந்தக் கட்டைத் தளர்த்த ஒப்புக்கொண்டது கூகுள். பிளே ஸ்டோரையும் அதற்கு வேண்டிய சேவைகளையும் மட்டும் தனியாகக் கட்டணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், மற்ற ஆப்களைக் கட்டாயம் திணிக்க மாட்டோம் என்றது.

கவனித்தீர்களா? 2003-ல் சென்னையின் மாமிகள் கேட்ட கேள்வியைத்தான் 2020-ல் வக்கீல்கள் கேட்டார்கள். என் பெட்டிக்கு ஏன் உன் பூட்டு?

இப்போது அந்தப் பையன்களிடம் வருவோம். பதினைந்தாயிரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்னதான் செய்வது?

‘எந்த பிளாட்பாரம் நல்லது’ என்ற கேள்வியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். ஆப் நிறைய வேண்டுமென்றால் கூகுள் டி.வி. தோது. மலிவுப் பெட்டியில் நினைவகம் குறைவாக இருந்தால் அது திணறும், அப்போது டைசனோ வெப் ஓ.எஸ்ஸோ இலகுவாக ஓடலாம். தினமும் பார்க்கிற மூன்று ஆப்களின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய், அவை ஓடுகின்றனவா என்று கடையிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. அப்டேட் எத்தனை வருஷம் தருவீர்கள் என்று கேட்கலாம். வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸில் போய், ‘பார்ப்பதைக் கவனித்து விளம்பரம் காட்டு’ என்ற சங்கதியை அணைத்துவிடலாம். வரி விஷயம் ஒன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டி.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. எனவே, 32-க்கும் 43-க்கும் நடுவில் இருந்த பள்ளம் கொஞ்சம் தூர்ந்திருக்கிறது.

இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதல் விஷயம் பெட்டியின் முதுகில் இருக்கிறது.

2002 டிசம்பரில் சோனி, ஹிட்டாச்சி, ஃபிலிப்ஸ், டோஷிபா என்று ஏழு கம்பெனிகள் (பாதிப் பேர் கடையில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்பவர்கள்) உட்கார்ந்து ஒரு பொதுவான துளையை முடிவு செய்தார்கள். எச்.டி.எம்.ஐ. அதில் ஃபயர் குச்சியைச் செருகலாம், ஜியோ பாக்ஸைச் செருகலாம், ஃப்ரீ டிஷ்ஷைச் செருகலாம், லேப்டாப்பையும் செருகலாம். உள்ளே இருக்கும் மூளை மக்கர் செய்தால், அதைப் பேசாமல் படுக்கவைத்துவிட்டு, சில ஆயிரத்துக்குப் புது மூளையை வெளியிலிருந்து மாட்டிவிடலாம். திரை அதே திரை. பழைய ஆன்டெனா துளையின் பேரன் அது. அதற்குக் கூகுள், அமேசான் என்ற பேதமில்லை.

ஆகவே, குறைந்த காசுக்காரர் காசைக் கண்ணில் போட வேண்டும். மூளையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பணக்காரர் டி.வி. மந்தமானால் புது டி.வி. வாங்குவார். பதினைந்தாயிரத்தை நாலு பேர் பங்கு போட்டவர்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. அவர்களுடைய சுதந்திரம் இரண்டு அங்குலம் கூட இல்லாத அந்தத் துளையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை கடைக்குப் போனால், முன்பக்கம் தோகை விரிக்கும் மயிலை ரசித்து முடித்ததும் கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்:

“அண்ணே, கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க.”

அங்கே இரண்டு மூன்று எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தால் பில் போடச் சொல்லுங்கள்.